என் ஆவி மீது ஓர் ஆட்சேபணை

மார்ச் 2, திங்கள்

பால் ஊற்ற வந்த இசக்கியம்மாள் இன்று என்னைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். “ஐயா, நல்லாத்தான இருக்கிய?” என்று கேட்டாள். முட்டிவலி தவிர வேறொன்றும் இல்லை என்றேன்.

“இல்ல, எம் மவ போன்ல காட்டினா. நீங்க செத்துப்போயி சொர்க்கத்துலேருந்து எறங்கி வாரிய. அவளும் நானும் ஒரு பாட்டம் அழுதோம். அதுக்கப்புறந்தான், நேத்துகூட பாலுல தண்ணின்னு ஏசினாவளேன்னு நெனவு வந்துச்சு.”

அவள் மகளிடமிருந்து அந்த வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. விளக்கை அணைக்கிறார்கள். திரையில் மேகம், மேகத்துக்கு நடுவே பளிங்குப் படிக்கட்டு, இரண்டு பக்கமும் மயில். உச்சிப்படியில் பட்டுவேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு ஓர் ஆள் தோன்றிக் கைகூப்பியபடி இறங்கி வருகிறான். அந்த ஆள் நான். பாளையங்கோட்டையில் வசிக்கிற, கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற, மாதாமாதம் பென்ஷன் வாங்குகிற கோமதிநாயகம். இறங்கி வந்தவன் திரைக்குள்ளேயே நிற்கிற மணப்பெண்ணின் தலையில் கையை வைக்கிறான். “உமாக் கண்ணு, அப்பா எங்கயும் போகல. நல்லா இரு தாயி” என்கிறான். என் குரல்தான். மண்டபமே விம்முகிறது. கேமராக்காரன் அழுகிற முகமாகத் தேடித் தேடிப் பிடிக்கிறான். பிறகு நான் மேகத்துக்குள் கரைந்து போகிறேன். நான் கரைந்த இடத்தில் ஸ்டுடியோவின் போன் நம்பர் வருகிறது.

மணப்பெண் என் மகள் உமாபார்வதி. அவளுக்குக் கல்யாணம் ஆன விவரமும் இந்த வீடியோவில்தான் தெரிந்தது. அது வேறு விஷயம்.

பாலில் இன்றும் தண்ணீர்தான்.

மார்ச் 3, செவ்வாய்

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் கல்யாணப் பத்திரிகையைக் காட்டுகிறார்கள். “தெய்வத்திரு கோமதிநாயகம் – திருமதி சண்முகவடிவு தம்பதியரின் செல்வப் புதல்வி” என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. தெய்வத்திரு! என் பெண்டாட்டி வடிவு மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அங்கே போன பிறகு எப்போதோ என்னைத் தெய்வமாக்கிவிட்டார்கள். எனக்குத்தான் தகவல் சொல்லவில்லை.

வீடியோவில் இருக்கிறவனுக்கு வரிசையான பல்லு. எனக்கு முன்பல் ஒன்று பாதி. அவனுக்குக் காதில் முடி இல்லை. நெற்றியில் திருநீறு மூன்று கோடும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கிறது. நான் பட்டுவேட்டி கட்டியது என் கல்யாணத்தன்று ஒரு தடவை. “கண்ணு” என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை. “தாயி” எங்கள் வீட்டு வழக்கமே கிடையாது. கோட்டிக்காரப் பயல்கள், ஒரு மனுஷனைச் சாகடிக்கிறதுதான் சாகடிக்கிறீர்கள், விசாரித்துச் சாகடிக்க வேண்டாமா?

கூட்டத்தைக் காட்டும்போது கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் வடிவு நிற்கிறாள். பொட்டு இல்லை, பூ இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம், இவள் தூணோரம் நிற்கிறாள். என்னைச் செத்தவனாக்க வேண்டுமென்று பொட்டையும் அழித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அவ்வளவு வெறுப்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நான் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. குடித்ததில்லை. வாயால் நாலு வார்த்தை சொன்னது ஒரு குற்றமா?

மார்ச் 5, வியாழன்

வக்கீல் மைதீன் பிச்சையைப் போய்ப் பார்த்தேன். என் கோர்ட்டில் வாய்தா வாங்கியே வீடு கட்டிய ஆள். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பை அடக்குகிறார்.

“உயிரோட இருக்கறதைவிட செத்தபொறவு லட்சணமா இருக்கீரு வேய்” என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது, அதைச் சொல்லும் என்றேன்.

“டீப்ஃபேக்குக்குன்னு தனியா சட்டம் இல்ல. தகவல் பாதுகாப்புச் சட்டத்துல தேடினாலும் அந்த வார்த்தை கெடையாது. ஆனா உம்ம மூஞ்சியும் உம்ம குரலும் உம்மைப் பத்தின தகவல். அதை எடுத்து மெஷின்ல போட்டு அரைக்க உம்ம சம்மதம் வேணும். மக குடுத்தா, மாமன் குடுத்தான்னு சொல்லித் தப்ப முடியாது. அவங்க குடுத்தாலும் அது உம்ம மூஞ்சிதான?”

“அப்ப மக மேலயும் கேஸ் போடலாமா?”

மைதீன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வீட்டுக் காரியத்துக்காக ஒருத்தர் செய்யறதை இந்தச் சட்டம் தொடாது. கல்யாண வீட்டுல போட்டது வீட்டுக் காரியம். ஆனா ஸ்டுடியோக்காரன் கூலி வாங்கிச் செஞ்சிருக்கான், போன் நம்பரப் போட்டுத் தன் விளம்பரத்துக்கு ஊரெல்லாம் பரப்பியிருக்கான். அவனத் தொடும். என்னென்ன தகவல் வச்சிருக்கேன்னு கேக்கலாம், அழிடான்னு சொல்லலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணு, அந்த உரிமைப் பிரிவெல்லாம் முழுசா அமலுக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல கெடக்கு” என்றார்.

சட்டம் போட்டுவிட்டு அதற்கும் வாய்தா. நம் நாட்டுச் சட்டத்துக்கே வாய்தா வாங்கும் பழக்கம் தொற்றிவிட்டது.

“அது அந்த ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“மயிலுக்குக் கலர் அடிக்கறவனுக்கு அமல் தேதி எப்படித் தெரியும்? கோடிக்கணக்குல அபராதம்னு எழுதும், பயந்துருவான்.”

செயற்கையாகச் செய்தது என்று வீடியோவிலேயே எழுதிப் போட வேண்டும் என்று வேறொரு விதியும் இருக்கிறதாம். மேகத்துக்குள் படிக்கட்டு இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு அதை எழுதிக் காட்டி என்ன ஆகப்போகிறது.

புறப்படும்போது மைதீன் கேட்டார், “செத்தவங்களுக்காகக் கேக்கறதுக்கும் வழி இருக்கு. உயிரோட இருக்கும்போதே ஒருத்தரை நியமிச்சு வைக்கணும். நீர் யாரையாவது போட்டு வச்சிருக்கீரா?”

வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

நோட்டீஸை நானே எழுதினேன். எந்த வக்கீலும் இப்படி எழுத மாட்டான். மூன்றாவது பாராவில் ஒரு விவரத்தைச் சரிபார்க்க வீடியோவை மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

துவையலுக்குத் தேங்காய் வாங்க மறந்துவிட்டேன். வெறும் ரசம். வீடியோ பார்த்தேன். சாட்சியத்துக்காகத்தான்.

மார்ச் 9, திங்கள்

தூத்துக்குடி போய் ஸ்டுடியோவில் நேரிலேயே நோட்டீஸைக் கொடுத்தேன். மாடியில் ஒரு அறை, குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் நாலைந்து டி.வி. ஒவ்வொன்றிலும் ஒரு தகப்பனார் இறங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் அதே படிக்கட்டு, அதே மயில். ஒருவர் மட்டும் சிலுவையோடு இறங்குகிறார், அவருக்கு மயிலை எடுத்துவிட்டுப் புறா வைத்திருக்கிறார்கள். ஊரிலிருக்கும் அத்தனை தகப்பன்மாருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டைக் கட்டி வைத்துக் காசு பார்க்கிறான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் பெயர் செல்வின், அவன்தான் முதலாளியாம். முப்பது வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தவன் டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டான்.

“சார்... நீங்க அவுங்களுக்குத் தம்பியா?”

“அவுங்களே நாந்தான்.”

நம்பவில்லை. பென்ஷனுக்காகக் கருவூலத்தில் கொடுத்த உயிர்வாழ் சான்றின் நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு என் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். படித்த பயல்.

“ஒரு ஆள் செத்துட்டான்னு எதை வச்சு முடிவு பண்ணினே?” என்று கேட்டேன்.

“கல்யாண வீட்டுல போயி யார் சார் டெத் சர்டிபிகேட் கேப்பா? பத்திரிகையில தெய்வத்திருன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல என்ன ப்ரூஃப் சார் வேணும்?”

கோர்ட்டில் நான் பார்த்த எத்தனையோ ஆவணத்தைவிட நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். ப்ரூஃப் பார்க்கிறவன் எத்தனை பேர், பத்திரிகையில் பேர் போட்டுக்கொள்கிறவன் எத்தனை பேர், ஒருத்தன்கூட ‘கோமதிநாயகம் எப்போ போனாரு?’ என்று கேட்கவில்லை.

நோட்டீஸை அவனுக்கே வாசித்துக் காட்டினேன். என்னைப் பற்றி அவனிடம் இருக்கிற போட்டோ, குரல், எல்லாவற்றின் நகலையும் எனக்குக் கொடுக்க வேண்டும். வீடியோவை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ‘மேற்படி நபர் உயிரோடிருக்கிறார், அவருடைய சம்மதமின்றி இது செய்யப்பட்டது’ என்று வீடியோ போட்ட அதே இணையப் பக்கத்தில் அறிவிப்புப் போட வேண்டும். கெடு மார்ச் இருபத்தைந்து. தவறினால் அபராதம். அந்தத் தொகையைக் கேட்டதும் அவன் வியர்த்துவிட்டான். அறையில் அத்தனை குளிர்.

“வீடியோவ இப்பவே எடுத்துருதேன் சார். அறிவிப்பு மட்டும் வேண்டாமே. உமா அக்கா பாவம் சார்.”

“அது உன் கவலையும் இல்ல, என் கவலையும் இல்ல.”

“வாய்ஸ் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு சார்” என்றான், என்னவோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. “சாதாரணமா எறந்தவங்க வாய்ஸ் அரை நிமிஷம் கெடைக்கறதே பெரும்பாடு. உங்களுக்கு அந்த அக்கா நெறைய வச்சிருந்தாங்க.”

என்ன வைத்திருந்தாள் என்று கேட்டேன். அனுப்பி வைக்கிறேன் சார் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மார்ச் 11, புதன்

வடிவின் தம்பி சங்கரலிங்கம் வந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கி வந்திருந்தான். செத்தவனைப் பார்க்க வருகிறவன் வாங்கி வருகிற சாமானா இது.

“அத்தான், நோட்டீஸ வாபஸ் வாங்கிருங்க” என்று உட்காரும் முன்பே ஆரம்பித்தான்.

“என்னை வாபஸ் வாங்கச் சொல்லுதியே, நீ என்னைத் திருப்பி உயிரோட கொண்டு வருவியா?”

“எங்களுக்கு வேற வழி தெரியல அத்தான். கோயில்பட்டி சம்பந்தம். நல்ல எடம். பொண்ணோட அப்பா எங்கன்னு கேட்டாவ. பிரிஞ்சு இருக்காருன்னா ஏன்னு கேப்பாவ. ஏன்னு சொல்ல ஆரம்பிச்சா அந்தக் கல்யாணம் நடக்குமா? செத்துட்டாருன்னா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாவ.”

“ஏன்னு கேட்டா சொல்ல வேண்டியதுதான. நான் என்ன கொலையா செஞ்சேன்?”

“இல்ல அத்தான். ஆனா உங்க வாய்...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். “உமா மாமியார் ரொம்பக் கண்டிப்பு. நீங்க அந்த அறிவிப்பப் போடச் சொல்லி, பொய் சொல்லிக் கட்டிக் குடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சா, பிள்ளைய அங்க வாழ விட மாட்டா. நாளைக்கே கொண்டுவந்து விட்ருவா. உங்க மவதான அத்தான்?”

“தெய்வத்திரு கோமதிநாயகம் மவ. அவன்கிட்டப் போயிக் கேளு” என்றேன்.

நல்ல பதில். பேருந்து நிறுத்தம் வரை அவன் குனிந்த தலை நிமிராமல் போனான். ஆப்பிளை இசக்கியம்மாளுக்குக் கொடுத்தேன். ஹார்லிக்ஸ் இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

ஸ்டுடியோவின் இணையப் பக்கத்திலிருந்து செல்வின் வீடியோவை எடுத்துவிட்டான். அறிவிப்பு இன்னும் வரவில்லை. என் போனில் ஒரு நகல் பத்திரமாக இருக்கிறது. சாட்சியம் என்பதால் அழிக்கக் கூடாது.

மார்ச் 16, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றான். நாளைக்கு என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம். குடத்தில் தண்ணீர் தூக்கினேன். வீடியோவைக் கவனித்துப் பார்த்தால், படி இறங்கி முடித்ததும் அவன் லேசாக மூச்சு வாங்குகிறான். அந்த இடம் மட்டும் என்னை மாதிரி இருக்கிறது.

மார்ச் 18, புதன்

கூரியரில் பென் டிரைவ் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘சார், நீங்க கேட்ட எல்லா டேட்டாவும் இதுல இருக்கு. ஸாரி சார். – செல்வின்.’

என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. டி.வி.யின் பின்னால் செருகினேன்.

முதலில் போட்டோ. குற்றாலத்தில் எடுத்தது, உமாவுக்கு நாலைந்து வயது. என் தோளில் உட்கார்ந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரன் அவளை வெட்டிவிட்டு என் முகத்தை மட்டும் எடுத்திருக்கிறான். நெற்றிக்கு மேல் அவளுடைய இரண்டு விரல் மிச்சம் இருக்கிறது. அதையும் மறைத்துத்தான் எனக்கு முடி வளர்த்திருக்கிறான்.

பிறகு குரல். வரிசையாக ஆடியோ, ஒன்றன் பின் ஒன்றாக. அவர்கள் போன பிறகு இரண்டு மூன்று வருடம் நான் அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியவை. முதலாவதைத் தட்டினேன். டி.வி.யில் சத்தம் அதிகம் வைத்திருந்தது தெரியவில்லை.

“ஏட்டி மூதி, உனக்கெல்லாம் எதுக்குட்டி காலேஜு? உங்க ஆத்தாளும் நீயும் மாமன் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு அங்கயே கெடங்க. நீ எங்க போனாலும் உருப்பட மாட்டே. எழுதி வச்சுக்கோ.”

அடுத்தது. அவள் பிறந்தநாளுக்கு அனுப்பியது. அடுத்தது. அவள் பரீட்சையில் தேறினாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அனுப்பியது. சத்தத்தைக் குறைக்க ரிமோட்டில் பட்டனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அதற்குள் வெளியே இசக்கியம்மாள் கேட்டைத் தட்டினாள். “ஐயா, உள்ள யாரு? யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுதிய? பாவம், பொம்பளப் பிள்ளைய இப்பிடியா பேசுவாவ?”

டி.வி.யில் சீரியல் என்றேன். “இந்த மாதிரி சீரியலெல்லாம் பாக்காதிய, ஒடம்புக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றிப் போனாள். பாலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதிலிருந்துதான் “நல்லா இரு தாயி” எடுத்திருக்கிறான். எங்கே இருந்து எடுத்தான் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். அந்த வார்த்தை எதிலும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

சமைக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

செல்வின் போன் செய்தான். இருபத்தைந்துக்கு அந்த அறிவிப்பைப் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டான். எழுதியதை வாசிக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். பிறகு அரைமணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் மறுபடி கூப்பிடுவான் என்று. கூப்பிடவில்லை. சொன்ன பேச்சை உடனே கேட்கிற பயல்.

மார்ச் 22, ஞாயிறு

உமா வந்தாள். தனியாக, பஸ்ஸில். கதவைத் திறந்ததும் யாரோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என்ன வேண்டும் என்று கேட்டேன். “நாந்தாம்ப்பா” என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வாசலில் ஏன் நிற்கிறாய், வெயில் உள்ளே வருகிறது என்றேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் போகவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை அவளே கழுவி வைத்தாள். வெளியாள் மாதிரி.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?” என்றேன்.

“அவருக்கு எல்லாம் தெரியும். அத்தை, மாமாவுக்குத்தான் தெரியாது.” தாலிக்கயிற்றைச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, “செல்வின் உங்களுக்கு அனுப்பிட்டதாச் சொன்னாரு. நான் அனுப்ப வேண்டாம்னுதான் சொன்னேன். சட்டப்படி அனுப்பியே ஆகணும்னு அழுதாரு” என்றாள்.

நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், “அந்த எளவெல்லாம் எதுக்கு வச்சிருந்தே?”

“அழிக்கணும்னு ஒவ்வொரு தடவை போன் மாத்தும்போதும் நெனப்பேன். உங்க குரல் வேற எதுலயும் இல்லையேப்பா.”

வெளியே யாரோ கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். வேண்டாம் என்று கத்தினேன். கீரைக்காரி என்னை வேண்டுமா என்று கேட்கவேயில்லை.

“தாலி கட்டுற நேரத்துல எல்லாரும் அப்பா இல்லையேன்னு அழுவாங்கன்னு சங்கரலிங்கம் மாமாதான் அந்த வீடியோவுக்குச் சொன்னாரு. எனக்கு முதல்ல பிடிக்கல. உயிரோட இருக்கிறவங்கள எப்படிம்மான்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு மேடைக்கே வரல அவ.” சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். சின்ன வயதில் பாவாடையை அப்படிச் சுற்றுவாள், அதற்கும் ஏசியிருக்கிறேன். “செல்வின் ஒரு பேப்பரக் குடுத்து, அப்பா என்ன சொல்லணும்னு எழுதுங்கக்கான்னாரு. ரெண்டு நாளு வச்சிருந்தேன். நீங்க என்ன சொல்வீங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. பொறகு நான் என்ன கேக்கணும்னு நெனச்சேனோ அத எழுதிட்டேன்.”

“தாயின்னு எழுதியிருக்கே. நம்ம வீட்டுல அந்த வழக்கம் கெடையாது.”

“தெரியும்ப்பா” என்று சிரித்தாள். “பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியை அவங்க அப்பா அப்படித்தான் கூப்பிடுவாரு.”

டி.வி. மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தேன்.

“நீங்க சொன்னீங்கன்னா அழிச்சிரச் சொல்லுதேன். என்கிட்ட இருக்கறதையும் அழிச்சிருதேன். உங்க மூஞ்சி, உங்க குரல். கேக்காம எடுத்தது தப்புதான். அறிவிப்பும் போடட்டும். அத்தைகிட்ட நானே சொல்லிக்கிடுதேன், நடக்கறது நடக்கட்டும்.”

பயந்து சொல்லவில்லை. அழவும் இல்லை. கோர்ட்டில் எத்தனையோ பேர் கூண்டில் ஏறிப் பொய்யைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு அமைதியாகத் தன் பக்கத்தை விட்டுக்கொடுத்த ஆளைப் பார்த்ததில்லை. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் எழுந்தாள். எதிர்பார்க்கவில்லை, சட்டென்று குனிந்து காலைத் தொட்டாள். அவள் வகிடு தெரிந்தது. கையைத் தூக்கினேன். வீடியோவில் இருக்கிறவன் எவ்வளவு லேசாக வைக்கிறான். எனக்குக் கை பாதியில் நின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“கயத்தாறுல நின்னு நின்னு போற வண்டியில ஏறித் தொலைக்காத. இடைநில்லாப் பஸ்ஸாப் பாத்து ஏறு” என்று வந்தது.

“சரிப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனை திரும்பும் வரை நின்றேன். திரும்பிப் பார்த்தாளா என்பது வெயிலில் சரியாகத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்திருக்கிறது. வழக்கில் ஜெயித்துவிட்டேன். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல் இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

இசக்கியம்மாளிடம் உன் மகள் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். பயந்துபோய், “ஏன்யா, என்ன தப்பு பண்ணினா?” என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

செல்வினுக்குப் போன் செய்தேன். அறிவிப்புப் போட வேண்டாம், உமாவிடம் இருப்பது அவளிடமே இருக்கட்டும் என்றேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சினான். “அழாதலே, அசிங்கமா இருக்கு” என்றேன்.

“அப்ப உங்க போட்டோ, வாய்ஸ் மாடல் எல்லாத்தையும் எங்க சிஸ்டத்துலேருந்து அழிச்சிரட்டுமா சார்? அதுதான நோட்டீஸ்ல இருக்கு?”

வைத்துக்கொள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. நாளைக்கு அவளுக்கு வளைகாப்பு வரும், பிள்ளைக்குப் பேர் வைப்பார்கள், வீடு கட்டுவாள். அப்போதெல்லாம் அவள் ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால், செய்து கொடுக்க வேண்டும். அவள் என்ன எழுதுகிறாளோ அது. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வேறு யாருக்கும் காட்டக் கூடாது, கீழே போன் நம்பர் போடக் கூடாது. அந்த நம்பரைப் போட்டால் மறுபடியும் நோட்டீஸ் வரும், இந்தத் தடவை நான் நிஜமாகவே செத்திருந்தாலும் வரும் என்றேன்.

“அப்ப உங்க சம்மதம் எழுத்துல வேணும் சார். இனிமே எழுத்துல இல்லாம நான் செத்தவங்க சமாதியக்கூட போட்டோ எடுக்க மாட்டேன்” என்றான். பயல் தேறிவிட்டான்.

சாயங்காலம் அவன் வக்கீல் தயார் செய்த சம்மதப் படிவத்தை அனுப்பினான். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். எழுத்துப்பிழை மலிந்து கிடந்தது, திருத்தினேன். என்ன நோக்கத்துக்காக என்ற இடத்தில் ‘என் மகள் உமாபார்வதி எழுதித் தருவதை என் குரலில் அவளிடம் சொல்வதற்காக’ என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி: இந்தச் சம்மதத்தை நான் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதை மட்டும் பேனாவால் அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். முழுக் கையெழுத்தும் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டான். “சார், கடைசி வரிய அடிக்கப்படாதாம். திரும்பப் பெறுறது சட்டம் உங்களுக்குக் குடுத்த உரிமையாம், நீங்களே வேண்டாம்னு அடிச்சாலும் அது செல்லாதாம். எங்க வக்கீல் சொல்லுதாரு.”

“எனக்குச் செல்லும்லே. போன வை” என்றேன்.